அண்ணன் செத்த ராத்திரி தம்பி எங்க இருந்தாரு? 976 சீனப் பேரரசர் மரணத்துல எந்த வெர்ஷனை எடுக்கலாம்

சீன வரலாறை ஆடியோ தொடரா பண்ணிட்டு இருக்கற நண்பர் ஒருத்தர் சொங் வம்சத்துக்கு வந்ததும் மாட்டிக்கிட்டாரு, முதல் பேரரசர் சாவுக்கு நாலு வெர்ஷன் இருக்கு, எபிசோடுக்கு ஒரு முதுகெலும்பு வேணும், எதை எடுக்கறதுனு கேட்டாரு. வாய்ஸ் நோட்ல சொல்ல ஆரம்பிச்சா நீளமா போகுது, அதான் எழுதிட்டேன். உங்களுக்கும் இதே குழப்பம் இருந்தா உதவும்.

முதல்ல ஆளுங்க யாருன்னு பாத்துடுவோம். அண்ணன் ஜாவ் குவாங்யின், தம்பி ஜாவ் குவாங்யி, ரெண்டு பேருக்கும் 12 வயசு வித்தியாசம். பேரு குழம்பும்ங்கறதால கடைசி வரைக்கும் அண்ணன், தம்பினே சொல்றேன் (வரலாற்றுல அண்ணன் தாய்ஜு, தம்பி தாய்ட்சோங்). அண்ணன் படைத் தளபதியா இருந்தவரு. 960-ல படையோட கிளம்பின வழியில சென்சியாவ்ங்கற இடத்துல சிப்பாய்ங்க மஞ்சள் அங்கியை மேல போட்டு "நீதான் ராஜா"ன்னாங்க, சிம்மாசனத்துல அப்ப உக்காந்திருந்தது ஒரு சின்னப் பையன், அதனால சண்டையே பெருசா இல்லாம கைமாறிடுச்சு. இந்த சின்னப் பையன் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

16 வருஷம் ஆண்டாரு. 976 நவம்பர் 14 ராத்திரி தலைநகர் கைஃபெங்ல அரண்மனையில செத்துப்போனாரு, வயசு 49. பெரிய வியாதினு முன்னாடி எந்தப் பேச்சும் இல்ல. ரெண்டு பையங்க உயிரோட இருந்தாங்க, மூத்தவன் தெஜாவ் 25 வயசு, சின்னவன் தெஃபாங் 17. ஆனா மறுநாள் பேரரசர் ஆனது தம்பி. அரசாங்க வரலாற்றுல மரணத்துக்கு ஒரே ஒரு வரிதான், இந்தத் தேதி சாயங்காலம் வான்சுய் மண்டபத்துல காலமானாருன்னு. 16 வருஷம் நாட்டை ஆண்ட, ஒரு வம்சத்தையே ஆரம்பிச்ச ஆளுக்கு ஒரு வரி!

வீடியோக்கள்ல ஓடறது முதல் வெர்ஷன்தான், கோடாரியால தம்பி வெட்டிக் கொன்னாருன்னு. சீனத்துல இதுக்குப் பேரே "மெழுகுவத்தி நிழல், கோடாரிச் சத்தம்". இதோட ஆணிவேரு எங்கன்னு பாத்தா, சம்பவம் நடந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு வென்யிங்னு ஒரு பௌத்த துறவி எழுதின குறிப்பு. அவரு சொல்றது இதான்: ஒரு தாவோ மதச் சாமியார்கிட்ட அண்ணன் தன்னோட ஆயுசு எவ்வளவுன்னு கேட்டிருக்காரு, பத்தாம் மாசம் 20-ஆம் தேதி ராத்திரி வானம் தெளிவா இருந்தா இன்னும் 12 வருஷம் கேரண்டி, இல்லன்னா சீக்கிரம் ஏற்பாடு பண்ணிக்கோங்கனு அவரு சொல்லியிருக்காரு. அந்த ராத்திரி மொதல்ல நட்சத்திரமெல்லாம் பளிச்சுனு இருந்துச்சாம், திடீர்னு மேகம் கூடி பனியும் ஆலங்கட்டியும் கொட்ட ஆரம்பிச்சுது, உடனே இவரு தம்பியைக் கூப்பிட்டு அனுப்பறாரு, வேலைக்காரங்க ராணிங்க எல்லாரையும் வெளிய போகச்சொல்லிட்டு ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கறாங்க. வெளிய நிக்கறவங்களுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல நிழல் மட்டும் தெரியுது, தம்பி அப்பப்ப எழுந்து "வேண்டாம் வேண்டாம்"ங்கற மாதிரி விலகறது. அப்புறம் அண்ணன் கையில வச்சிருக்கற கோடாரியால பனியைக் குத்தி, தம்பியைப் பாத்து "நல்லா செய், நல்லா செய்"ங்கறாரு. அப்புறம் இடுப்புப் பட்டையைக் கழட்டிட்டுப் படுக்கறாரு, குறட்டை இடி மாதிரி கேக்குது, விடியறதுக்கு முன்னாடி சத்தமே இல்ல, போய்ப் பாத்தா செத்துக் கிடக்காரு. தம்பி அன்னிக்கு அரண்மனையிலயே தங்கியிருந்தாரு. காலையில மந்திரிங்க வந்து பாத்தப்ப உடம்பு அப்பத்தான் குளிச்சிட்டு வந்த மாதிரி பளபளனு இருந்துச்சாம்.

இதுல கோடாரியால யாரும் யாரையும் அடிக்கல, கவனிச்சீங்களா? பனியில குத்தறதே அண்ணன்தான். அந்தக் கோடாரியும் போர்க் கோடாரி கிடையாது, அண்ணன் கையில எப்பவும் வச்சிருந்த ஒரு சாமான். ஆபத்தில்லாததுன்னும் சொல்ல முடியாது, ஒருதடவை அண்ணன் தோட்டத்துல குருவி அடிச்சிட்டு இருந்தப்ப அவசரம்னு ஒரு அதிகாரி வந்து சாதாரண விஷயத்தைச் சொல்ல, கோவத்துல இதே மாதிரி கோடாரியோட பிடியால வாயில அடிச்சு ரெண்டு பல்லு விழுந்துடுச்சு. அந்த ஆளு குனிஞ்சு பல்லைப் பொறுக்கி மடியில வச்சுக்கிட்டாரு. "என்ன, என்மேல கேஸ் போடப்போறியா?"னு இவரு கேக்க, "நான் போட முடியாது, ஆனா எழுதறதுக்கு ஆளு இருக்கு"ன்னாராம் அவரு. அப்புறம் அண்ணன் சமாதானமாகிப் பரிசெல்லாம் கொடுத்து அனுப்பினாரு. எனக்கு இந்த மொத்த வம்சத்துலயும் புடிச்ச சம்பவம் இதுதான்.

சரி விஷயத்துக்கு வரேன். துறவி கதையை நிதானமாப் படிச்சா அது தம்பியை மாட்டிவிடற கதையே இல்ல, தம்பிக்கு வக்காலத்து வாங்கற கதை. விதி முன்னாடியே சொல்லிடுச்சு, அண்ணனே கூப்பிட்டாரு, தம்பி வேண்டாம்னு மறுத்தாரு, அண்ணன் "நல்லா செய்"னு பொறுப்பைக் கையில கொடுத்தாரு, உடம்புல காயம் இல்ல, பளபளனு இருந்துச்சு. இதைவிட சுத்தமா ஒரு நற்சான்றிதழ் எழுத முடியாது. பின்னாடி வந்தவங்க அந்த நிழலையும் கோடாரியையும் மட்டும் உருவி எடுத்துட்டுப் போய் கொலைக் காட்சி ஆக்கிட்டாங்க. அதனால கோடாரிக் கொலையை நான் மொதல்லயே கழிச்சிடுவேன். மூல சாட்சியே எதிர்ப் பக்கம் பேசற கேஸை எடுத்துக்கிட்டு எந்த வக்கீலும் கோர்ட்டுக்குப் போகமாட்டாரு.

ரெண்டாவது வெர்ஷன் விஷம். இது கோடாரியைவிடக் கொஞ்சம் பலமானது, ஏன்னா காயமில்லாத உடம்பும் இடி மாதிரிக் குறட்டையும் அப்புறம் திடீர் மௌனமும் விஷத்துக்கும் பொருந்தும் (மூளையில ரத்தக்குழாய் அடைப்புக்கும் அச்சு அசலா பொருந்தும், அதை அப்புறம் பாப்போம்). தம்பி மேல வேற விஷக் கதைகளும் இருக்கு, தெற்கு தாங் நாட்டோட கடைசி ராஜாவும் பெரிய கவிஞருமான லீ யூ 978-ல சிறைப்பட்ட மாதிரி கைஃபெங்ல இருந்தப்ப செத்தாரு, தம்பிதான் விஷம் அனுப்பினாருங்கற கதை பிரபலம். அதோட செங் தெஷுவான்னு ஒரு ஆளு வராரு. தம்பி வீட்டு ஆளு, வைத்தியம் தெரிஞ்சவரு, அந்தப் பனி ராத்திரியில தம்பி வீட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. ஏன்யா இங்க உக்காந்திருக்கேனு கேட்டதுக்கு, ராத்திரி யாரோ வந்து "இளவரசர் கூப்பிடறாரு"ன்னாங்க, வெளிய வந்து பாத்தா யாருமில்ல, இப்படி மூணு தடவை ஆச்சு, இளவரசருக்கு உடம்பு சரியில்லையோன்னு வந்தேன்னாராம். நம்பற மாதிரியா இருக்கு? வைத்தியக்காரன், நடு ராத்திரி, வாசல்ல, பேய்க் குரல் கேட்டு வந்தாராம்!

ஆனா சந்தேகம் வேற, சாட்சி வேற. லீ யூ கதையும் பின்னாடி எழுதின துணுக்குதான். பரிசோதிக்க உடம்பும் நம்ம கையில இல்ல. இதே சீனாவுல 1908-ல செத்த குவாங்ஷு பேரரசர் கேஸ்ல அவரோட முடியை எடுத்து டெஸ்ட் பண்ணி, ஆர்சனிக் விஷத்தாலதான் செத்தாருன்னு 2008-ல அறிவிச்சாங்க, நூறு வருஷ சந்தேகத்துக்கு லேப் ரிப்போர்ட் வந்துச்சு. இங்க ஹெனான் மாகாணம் கோங்யியில கல்லறை இருக்கு, ரிப்போர்ட் இல்ல. அதனால விஷத்தை "இருக்கலாம்"னு ஒரு வரியில சொல்லிட்டுப் போகலாம், எபிசோடையே அது மேல கட்ட முடியாது.

மூணாவது வெர்ஷன்தான் தம்பி ஆட்சியோட அதிகாரபூர்வ வெர்ஷன், இயற்கை மரணம், முன்னாடியே முடிவு பண்ணின வாரிசு. இதை நெறைய பேரு படிக்காமயே தள்ளிடறாங்க, ஆனா இதுல சதை இருக்கு. 961-லயிருந்து 15 வருஷம் தம்பிதான் கைஃபெங் நகரத்தோட நிர்வாகத் தலைவர், அதுக்கு முன்னாடி இருந்த அஞ்சு குட்டி வம்சங்கள் காலத்துல இளவரசர் ஒருத்தர் தலைநகர் நிர்வாகத்துல உக்காந்தாருன்னா அடுத்த ராஜா அவருதான்னு எல்லாருக்கும் புரியும். 973-ல ஜின் இளவரசர் பட்டமும் கொடுத்து முதலமைச்சருக்கு மேல இடம் கொடுத்தாச்சு. பையங்களுக்கு அண்ணன் அந்த அளவு எதுவுமே கொடுக்கல, பட்டத்து இளவரசர்னு யாரையும் அறிவிக்கவும் இல்ல. பாசமும் இருந்திருக்கு, தம்பிக்கு உடம்பு முடியாம மூலிகையைக் கொளுத்திச் சூடு வச்சப்ப அவரு வலியில துடிக்கறதைப் பாத்துட்டு அண்ணன் தனக்கும் சூடு வச்சுக்கிட்டாருன்னு ஒரு கதை. ஆனா இந்தப் பாசக் கதைங்க எழுதப்பட்டது எப்ப? அண்ணன் ஆட்சியோட அரசுப் பதிவுகளைத் தம்பி ஆட்சியில திரும்பத் திருத்தி எழுதவச்சாங்க. எடிட்டர் யாருன்னு தெரிஞ்சா பாசம் கொஞ்சம் கசக்கும்.

இந்த வெர்ஷனோட துருப்புச் சீட்டு "தங்கப் பெட்டி சத்தியம்". அம்மா தூ மகாராணி 961-ல மரணப் படுக்கையில அண்ணனைக் கூப்பிட்டு "உனக்கு எப்படி நாடு கிடைச்சுது தெரியுமா?"ன்னு கேக்கறாங்க. எல்லாம் முன்னோர் புண்ணியம், உங்க புண்ணியம்ங்கறாரு இவரு. இல்லடா, அவங்க சின்னப் பையனை உக்கார வச்சாங்க, அதனால உனக்குக் கிடைச்சுது, நீ அந்தத் தப்பைப் பண்ணாதே, உனக்கப்புறம் தம்பிக்குக் கொடுங்கறாங்க. அண்ணன் அழுதுட்டே ஒத்துக்கறாரு, மந்திரி ஜாவ் பூ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தங்கப் பெட்டியில வச்சுப் பூட்டறாங்க.

அம்மா சொன்னதுல 961-ஐப் பொறுத்தவரைக்கும் லாஜிக் கச்சிதம், மூத்த பேரனுக்கு அப்ப பத்து வயசுதான், ராஜாக்கள் சில வருஷத்துக்கு மேல தாங்காத காலம் அது. சிக்கல் பெட்டி எப்ப வெளிய வந்துச்சுங்கறதுல. தம்பி பதவிக்கு வந்தது 976, பெட்டி வந்தது 981. அஞ்சு வருஷம்! பதவி ஏத்துக்கற அன்னிக்கே எடுத்துக் காட்டியிருந்தா ஊரு வாயை மூடியிருக்கலாமே, கையில அப்பேர்ப்பட்ட பேப்பர் இருந்தா எவன் அஞ்சு வருஷம் உள்ள வைப்பான்? அதைக் கொண்டுவந்து சொன்னது யாருன்னா அதே ஜாவ் பூ, அண்ணன் காலத்துலயே 973-ல பதவி போய் ஓரம்கட்டப்பட்டிருந்தவரு, பெட்டி விஷயம் சொன்னதும் திரும்ப முதலமைச்சர் ஆயிட்டாரு. போதாததுக்கு அதுல என்ன எழுதியிருந்துச்சுங்கறதுக்கே ரெண்டு கதை, ஒண்ணுல தம்பிக்கு மட்டும், இன்னொண்ணுல தம்பிக்கு அப்புறம் கடைசித் தம்பி டிங்மெய், அப்புறம் திரும்ப அண்ணன் பையன் தெஜாவ். அம்மா அப்படி எதையோ சொல்லியிருக்கலாம்னு நான் நம்பறேன், அந்தப் பேப்பரை நம்பல.

நாலாவது வெர்ஷன் சீமா குவாங் எழுதி வச்சது. இவரு 11-ஆம் நூற்றாண்டோட மிகப் பெரிய வரலாற்று ஆசிரியர், பேச்சுவாக்குல கேட்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டுல எழுதியிருக்காரு, அதுல இது இருக்கு. ராத்திரி ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல அண்ணன் செத்துட்டாரு. பக்கத்துல இருந்த சொங் மகாராணி (மூணாவது மனைவி, 24 வயசுதான்) அரண்மனை அண்ணகர் (அந்தப்புர வேலைக்காக ஆண்மை நீக்கப்பட்ட அதிகாரி) வாங் ஜிஎன்னைக் கூப்பிட்டு, போய் தெஃபாங்கைக் கூட்டிட்டு வாங்கறாங்க. மூத்தவனை விட்டுட்டு ஏன் சின்னவன்னு தெரியல, ரெண்டு பேருமே அவங்க பெத்த பையங்க இல்ல. வாங் ஜிஎன் என்ன பண்றாருன்னா தெஃபாங் பக்கமே போகாம நேரா தம்பி வீட்டுக்குப் போறாரு. வாசல்ல அந்த வைத்தியரு உக்காந்திருக்காரு, ரெண்டு பேரும் உள்ள போய் சொல்றாங்க. தம்பி திகைச்சுப்போய் "வீட்டுல கலந்து பேசணும்"ங்கறாரு. வாங் ஜிஎன் "லேட் பண்ணா வேற ஒருத்தன் கைக்குப் போயிடும்"ங்கறாரு. பனியில நடந்தே அரண்மனைக்கு வராங்க. மகாராணி காலடிச் சத்தம் கேட்டு "தெஃபாங் வந்துட்டானா?"ங்கறாங்க. "ஜின் இளவரசர் வந்துட்டாரு"ங்கறாரு வாங் ஜிஎன். அவங்களுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல, அப்புறம் சட்டுனு தம்பியைப் பேரரசரைக் கூப்பிடற மரியாதைச் சொல்லால கூப்பிட்டு, "எங்க உயிரெல்லாம் இனி உங்க கையில"ன்னுட்டாங்க. தம்பி அழுதுட்டே, எல்லாரும் சேந்து நல்லா இருப்போம், கவலைப்படாதீங்கன்னாரு.

இந்தக் கதையோட அழகு என்னன்னா கொலையிலருந்து தம்பியைக் காப்பாத்தறது இதுதான், ஏன்னா இதுல அவரு அண்ணன் சாகறப்ப அரண்மனையிலயே இல்ல, வீட்டுல இருந்தாரு. ஆனா அதே கதைதான் சிம்மாசனத்தை அவரு எப்படி வாங்கினாருங்கறதை அப்பட்டமா போட்டு உடைக்குது. மகாராணிக்கு உண்மையிலேயே தம்பிதான் வாரிசுன்னு தெரிஞ்சிருந்தா எதுக்கு தெஃபாங்கைக் கூப்பிடணும்? அவங்க ஏன் மூச்சடைச்சு நிக்கணும்?

துறவி கதையும் சீமா குவாங் கதையும் ஒண்ணா நிக்காது. ஒண்ணுல தம்பி ராத்திரி பூரா அரண்மனையில, இன்னொண்ணுல வீட்டுல. 1183-ல முடிச்ச பெரிய தொகுப்புல லீ தாவ்ங்கற வரலாற்று ஆசிரியர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டவச்சாரு, பனியைக் குத்தினதை தரையைக் குத்தினதா மாத்தினாரு, "சத்தமா சொன்னாரு"னு ஒரு வார்த்தையையும் சேத்தாரு, அந்த ஒட்டுதான் இன்னிக்கு எல்லாரும் சொல்ற கதை. 12-ஆம் நூற்றாண்டுல ஏன் இதையெல்லாம் தைரியமா எழுத முடிஞ்சுதுன்னு யோசிச்சா ஒரு காரணம் கண்ணுல படுது. 1127-ல வடக்கேருந்து வந்த ஜுர்ச்சென் இனத்துக்காரங்க கைஃபெங்கைப் புடிச்சு தம்பி வம்சத்துக்காரங்களை மொத்தமா வாரிட்டுப் போயிட்டாங்க. தப்பிச்சுத் தெற்கே வந்து ஆண்ட கவோட்சோங்குக்கு இருந்த ஒரே பையனும் செத்துட்டான், அவரு தாய்ஜு வழி, அதாவது நம்ம அண்ணன் வழி வந்த ஒரு பையனைத் தத்தெடுத்தாரு, அவருதான் 1162-ல பதவிக்கு வந்த ஷியாவோட்சோங், அந்த ராத்திரி மகாராணி கூப்பிட்டனுப்பியும் சேதி போய்ச் சேராத தெஃபாங்கோட நேர் வாரிசு! லீ தாவ் எழுதினது இவரு ஆட்சியில. ஆட்சி அண்ணன் வழிக்குத் திரும்பின பிறகு தம்பியைப் பத்தின பழைய முணுமுணுப்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைச்சிருக்கும்.

இப்ப எதை எடுக்கறதுங்கறதுக்கு வரேன். இங்க எல்லாரும் ரெண்டு கேள்வியை ஒண்ணா முடிச்சுப் போடறாங்க, எப்படி செத்தாருங்கறது ஒண்ணு, சிம்மாசனம் எப்படிப் போச்சுங்கறது இன்னொண்ணு. கொலைன்னா அபகரிப்பு, இயற்கை மரணம்னா நியாயமான வாரிசுனு ஜோடி போட்டுடறாங்க. அப்படி ஒரு கட்டாயமும் இல்ல. தனித்தனியா வச்சுப் பாத்தா மொதல் கேள்விக்கு என் ஓட்டு இயற்கை மரணத்துக்கு, 49 வயசு, ஊரறிஞ்ச குடிகாரர், குளிர்கால ராத்திரி, வயிறு முட்டக் குடி, பயங்கரக் குறட்டை, விடியக்காலையில உயிர் இல்ல, எந்த டாக்டரைக் கேட்டாலும் பக்கவாதம்னுதான் முதல்ல சந்தேகப்படுவாங்க. உறுதியா சொல்ல முடியாது, ஆனா மத்த ரெண்டைவிட இதுக்குக் குறைவான கற்பனை போதும்.

ரெண்டாவது கேள்விக்கு என் ஓட்டு அபகரிப்புக்கு, இதுல எனக்குத் தயக்கமே கம்மி, ஏன்னா இதுக்கு அந்த ராத்திரி சாட்சியே வேண்டாம், அப்புறம் பகல்ல நடந்ததே போதும். புது ராஜா வந்தா ஆண்டுப் பேரை (ராஜா தன் ஆட்சி வருஷங்களுக்கு வைக்கற பேரு) அடுத்த புத்தாண்டுலதான் மாத்துவாங்க, செத்தவருக்கான மரியாதை அது. இவரு வருஷம் முடிய சில நாளே இருந்தப்ப அவசரமா மாத்தினாரு. வடக்கே எதிரி நாடான லியாவோட வரலாற்றுல, அண்ணன் செத்தாரு, தம்பி தானே தன்னை ராஜாவாக்கிக்கிட்டாருன்னு எழுதி வச்சிருக்காங்க. 979-ல லியாவ்கிட்ட தோத்து, தம்பி உயிர் பொழைச்சு வண்டியில ஓடினப்ப, ராஜாவைக் காணோம்னு படையில சிலரு தெஜாவை உக்கார வைக்கலாமான்னு பேசியிருக்காங்க, அது இவரு காதுக்கு வந்துடுச்சு. அப்புறம் தெஜாவ் வந்து, முன்னாடி ஜெயிச்ச சண்டைக்கு சிப்பாய்ங்களுக்குப் பரிசு கொடுங்கன்னு கேட்டதுக்கு, "நீ ராஜா ஆனதும் கொடு, லேட் ஆகிடாது"ன்னாரு. அந்தப் பையன் வீட்டுக்குப் போய் பழம் நறுக்கற கத்தியால தன்னையே குத்திக்கிட்டான். 981-ல தெஃபாங் உடம்பு முடியாம செத்தான், வயசு 22 இருக்கும். டிங்மெய் மேல சதிக் குற்றம் சாட்டித் தூரமா அனுப்பினாங்க, 984-ல அங்கயே செத்தாரு. மூணே பேரு போட்டிக்கு இருந்தாங்க, எட்டு வருஷத்துல மூணு பேரும் இல்ல. சித்தப்பாவுக்கு நேர்ந்ததைப் பாத்து தம்பியோட சொந்த மூத்த பையன் யுவான்ஜுவே புத்தி பேதலிச்சு அரண்மனைக்குத் தீ வச்சான். 995-ல சொங் மகாராணி செத்தப்ப ஒரு மகாராணிக்கு உண்டான மரியாதையே செய்யல, ஏன்னு கேட்ட வாங் யூசெங்ங்கற அதிகாரியைப் பதவி இறக்கி அனுப்பினாங்க. "எல்லாரும் சேந்து நல்லா இருப்போம்"னு அழுதவரு இவருதான்.

வாங் ஜிஎன் கதையும் இதோட சேந்தது. 997-ல தம்பி செத்தப்ப அதே ஆளு மறுபடியும் தன் வேலையைக் காட்டினாரு, அறிவிச்ச வாரிசை விட்டுட்டு அந்த யுவான்ஜுவைக் கொண்டுவரப் பாத்தாரு. இந்தத் தடவை லூ துவான்ங்கற மந்திரி உஷாரா அவரை ஒரு ரூம்ல வச்சுப் பூட்டிட்டாரு. ஒரே ஆளு ரெண்டு ராஜா சாவுலயும் வாரிசை மாத்தப் பாத்திருக்காருன்னா, சீமா குவாங் சொன்ன அந்தப் பனி ராத்திரி ஓட்டம் எனக்குக் கட்டுக்கதையா தோணல. அன்னிக்கு ரூம்ல பூட்டறதுக்கு ஒரு லூ துவான் இல்ல, அவ்வளவுதான். (997-ல வாரிசா வந்த அந்தப் பையன்தான் ஜென்ட்சோங். 1015-ல ராஜராஜ சோழன் அனுப்பின தூதுக்குழு முத்து, தந்தத்தோட போய் நின்னது இவரு சபையிலதான். நம்ம ஆளுங்க பாத்த சீன ராஜா இந்தத் தம்பியோட பையன்.)

நியாயமா ஒண்ணையும் சொல்லணும். தம்பி மோசமான ராஜா இல்ல, 979-ல வடக்கு ஹான் நாட்டைப் புடிச்சு அண்ணன் விட்டுப்போன வேலையை முடிச்சாரு, தேர்வு எழுதி அரசு வேலைக்கு வர்ற வழியைப் பெருசாத் திறந்துவிட்டாரு, பெரிய பெரிய நூல் தொகுப்பெல்லாம் இவரு காலத்துலதான். அதைச் சொல்லாம விட்டா எபிசோடு ஒருதலையா போயிடும்.

அதனால நண்பருக்கு என் சாய்ஸ்: நாலாவதை முதுகெலும்பா வச்சுக்கோங்க. "தெஃபாங் வந்துட்டானா?"ல ஆரம்பிங்க, மரணத்தை அனேகமா வியாதினு சொல்லி விஷத்துக்கு ஒரு நிமிஷம் கொடுங்க, தங்கப் பெட்டியை 961-ல வைக்காம 981-ல திறக்கறப்பவே அறிமுகப்படுத்துங்க, அப்பத்தான் கேக்கறவங்களுக்கே சந்தேகம் தானா வரும். 20 நிமிஷத்துல பாதியை 979-லருந்து 984 வரைக்கும் ஒதுக்குங்க, மத்த ஆளுங்க எல்லாரும் தவறவிடற இடம் அது. கோடாரி இல்லாம தம்ப்நெயில் வச்சா எவனும் கிளிக் பண்ணமாட்டான்னு தெரியும், போட்டுக்கோங்க, ஆனா அதை அண்ணன் கையில கொடுத்துப் போடுங்க.